ஆறு நாள் வருகைக் குறைவு

சான்றிதழ் வகுப்புகளுக்கான விதிகளில் பதினேழாவது விதி இது: "தொற்றுநோய்த் தடுப்பின் பொருட்டுச் சர்க்கார் வைத்தியரால் தடுத்து வைக்கப்பட்ட மாணவர், அதற்குரிய சீட்டைக் காட்டுவாரானால், அந்த நாட்களில் வகுப்பில் இருந்தவராகவே கருதப்படுவார்." இதில் விளங்காதது எதுவும் இல்லை. அச்சடித்து வந்த நாளில் படித்தேன், விளங்கியது. ஓய்வுபெற்று உட்கார்ந்துகொண்டு நினைவிலிருந்து எழுதும் இப்போதும் விளங்குகிறது. நான் வேலை பார்த்த காலம் முழுவதிலும் இந்த விதி ஒரே ஒரு மனிதருக்குத்தான் தேவைப்பட்டது. அவருக்கு அது உதவாமல் போனதற்குக் காரணம் நான்.

முதல் மகாயுத்தத்துக்கு இரண்டு வருஷம் முந்திய சமாசாரம். வேலூருக்கு வெளியே, பாலாற்றைப் பார்த்தபடி எங்கள் கல்லூரி இருந்தது. தொழிற்கல்லூரி என்று பலகையில் எழுதியிருந்தது. பலகை எழுதியவர் தாராள மனசுக்காரர். இரண்டு ஓட்டுக் கொட்டகை, ஒரு நீராவி எஞ்சின், வரிசையாகத் தொட்டிகள், ஓரமாக அலுவலகம், அலுவலகத்தில் நான். பதவி, தலைமைக் குமாஸ்தா. எனக்குக் கீழே வேறு குமாஸ்தா கிடையாது என்பதால் அந்தத் தலைமையை மேசை நாற்காலிகளிடம்தான் செலுத்தி வந்தேன்.

நான் காஞ்சிபுரம் பக்கத்தவன். செருப்பைத் தொட்டால் கையைக் கழுவு என்று சொல்லி வளர்த்த குடும்பம். தோல் பதனிடக் கற்றுத்தரும் கல்லூரிக்கு மாற்றல் என்று உத்தரவு வந்தபோது, "சர்க்கார் உத்தியோகம்தானேடா, தோலை நீயா உரிக்கப்போறே?" என்று பெரியப்பா ஆறுதல் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அவர் என் வீட்டில் சாப்பிடவில்லை. வேலூரில் எங்கள் மனிதர்கள் இருந்த தெருவில் வாடகைக்கு வீடு கேட்டேன். பூட்டிக் கிடந்த வீட்டின் முன்னால் நின்றுகொண்டே, காலியாக இல்லை என்றார்கள். கடைசியில் கல்லூரி வளாகத்திலேயே, அலுவலகத்துக்குப் பின்னால் இரண்டு அறை கிடைத்தது. வந்த இரண்டாம் வருஷம் என் மனைவி இறந்துபோனாள். துக்கத்துக்கு வந்த உறவினர்கள் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்கள். அழுகிறார்கள் என்று நினைத்தேன். நாற்றம் தாங்காமல் என்று பிறகு தெரிந்தது. குழந்தைகள் இல்லை. மாலையில் அலுவலகத்தைப் பூட்டினால் மறுநாள் திறக்கும் வரை என்னோடு பேச ஒருவரும் கிடையாது. விதிப் புத்தகத்தை மனப்பாடம் செய்தேன். சிலர் பாராயணம் செய்கிறார்கள் அல்லவா, அந்த மாதிரி.

கல்லூரியின் பெருமைக்குரிய ஏற்பாடு ஆறு மாதச் சான்றிதழ் வகுப்பு. ஏற்கெனவே தோல் வேலை பார்ப்பவரைக் கொண்டுவந்து, ஆறே மாதத்தில் புது முறையைக் கற்றுக்கொடுத்து, மேற்பார்வையாளராக்கித் திருப்பி அனுப்புவது சர்க்காரின் எண்ணம். எங்கள் அலுவலகத்துக்கு ஒரு மைக்கூடு வாங்குவதற்கான கடிதப் போக்குவரத்தே ஆறு மாதம் ஓடும் என்பதால், இந்த எண்ணத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இருக்கவில்லை. ஆனால் வகுப்பு நன்றாகவே நடந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு எங்கும் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு வாரக்கணக்கில் ஊறவைத்துத்தான் தோலைப் பதப்படுத்தினார்கள். குரோம் உப்பைக் கரைத்து, பெரிய மரப் பீப்பாய்க்குள் தோலோடு சேர்த்துச் சுழற்றினால் அதே காரியம் ஓரிரு நாளில் முடிந்துவிடும். வெளியே எடுக்கும்போது தோல் வெளிறிய நீலமாக இருக்கும். முதல் நாள் அதைப் பார்த்த மாணவர்கள் எல்லாரும் செத்த மிருகத்துக்கு இப்படி ஒரு நிறமா என்று சிரித்தார்கள்.

அந்த வருஷம் ஜனவரியில் சேர்ந்தவர்களில் ஒருவர் ஆம்பூர்க்காரர். அப்போது அவரை 'அவன்' என்றுதான் சொன்னேன், 'வா, போ' என்றுதான் பேசினேன். இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன். எங்கள் அலுவலக வழக்கப்படி மரியாதையும் தாமதமாகத்தான் போய்ச் சேருகிறது.

வயது முப்பதைத் தாண்டியவர். ஊருக்கு வெளியே இருந்த சேரியில் வீடு. பாதிரியார் பள்ளியில் கொஞ்சம் படித்தவர். பதினைந்து வருஷமாக ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் தொழிற்சாலையில், சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி நிற்கும் வேலை. மயிர் உதிர்வதற்காகத் தோலைச் சுண்ணாம்பு நீரில் போட்டு மிதிப்பார்கள். சுண்ணாம்புக்குத் தோலென்றும் காலென்றும் பேதம் தெரியாது. விரல் இடுக்கெல்லாம் வெந்து, ஆறி, மறுபடி வெந்த கால்கள் அவருடையவை. "இன்னும் ரெண்டு வருசம் தொட்டியில நின்னா எனக்குக் காலு இருக்காது ஐயா" என்று, மழை வரும் போலிருக்கிறது என்பதுபோல் சொல்வார். ஷாப்பு முதலாளி ஒரு முஸ்லிம் வியாபாரி. குரோம் முறைக்குத் தனியாக ஒரு கொட்டகை போட்டுக்கொண்டிருந்தார். ஆறு மாதம் படித்துச் சான்றிதழோடு வந்தால் அந்தக் கொட்டகைக்கு உன்னையே மேஸ்திரியாகப் போடுகிறேன் என்று அவர்தான் இவரை எங்களிடம் அனுப்பியிருந்தார். சரக்கு எடுக்கும் சென்னைக் கம்பெனிக்காரர்கள், சர்க்கார் சான்றிதழ் உள்ள ஆள் மேற்பார்வையில் செய்த தோல்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். ஆகவே காகிதம் இருந்தால் கொட்டகை, இல்லாவிட்டால் தொட்டி.

ஜூன் கடைசியில் பரீட்சை. பதப்பட்ட தோலில் ஒரு துண்டை வெட்டிக் கொதிக்கும் நீரில் போட வேண்டும். சுருங்கினால் தோல்வி. சென்னையிலிருந்து வந்த பரீட்சகர் கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு நின்றார். சிலருடைய துண்டுகள் பொரித்த அப்பளம்போல் சுருண்டுகொண்டன. ஆம்பூர்க்காரர் போட்ட துண்டு போட்டபடியே கிடந்தது. பரீட்சகர் அதை வெளியே எடுத்து மடக்கிப் பார்த்தார், விரலால் இழுத்துப் பார்த்தார், பிறகு இவரையே பார்த்துத் தலையை ஆட்டினார். அந்த வகுப்பில் முதல் மதிப்பெண் இவருக்குத்தான்.

இடைஞ்சல் வருகைப் பதிவேட்டில் இருந்தது. மார்ச் மாதத்தில் கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த இவருடைய அண்ணன் இறந்துபோனார். அடக்கத்துக்குப் போய்விட்டு ரயிலில் திரும்பினார். அப்போது மைசூர்ப் பக்கம் பிளேக் இருந்தது. ஜோலார்பேட்டையில் ரயிலை நிறுத்தி ஒவ்வொருவராகக் கையைப் பிடித்துப் பார்ப்பார்கள். அழுது அழுது உடம்பு சுட்டதோ, வெயிலில் சுட்டதோ, இவருக்குக் காய்ச்சல் என்று சொல்லிப் பத்து நாள் முகாமில் வைத்துவிட்டார்கள். அந்தப் பத்து நாளைக் கழித்தால் வருகையில் ஆறு நாள் குறைவு. பதினேழாம் விதிப்படி சேர்த்துக்கொண்டால் குறைவே இல்லை. முகாமில் கொடுத்த சீட்டும் அவரிடம் இருந்தது. பத்திரமாக மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்தச் சீட்டில் 'உள்ளே வந்த தேதி' எழுதியிருந்தது. 'வெளியே அனுப்பிய தேதி' என்ற இடம் காலி. வைத்தியர் அவசரத்தில் விட்டிருக்கிறார். முகாமென்றால் பத்து நாள் என்பது அந்தக் காலத்தில் கழுதைக்கும் தெரியும். பதினோராம் நாள் இவர் வகுப்பில் உட்கார்ந்திருந்தார் என்பதற்கு என் பதிவேடே சாட்சி. இரண்டையும் சேர்த்து ஓரத்தில் ஒரு வரி எழுதி வைத்திருந்தால் துரை கையெழுத்துப் போட்டிருப்பார். எங்கள் துரை, அதாவது கல்லூரித் தலைவர், நல்ல மனிதர். நான் வைக்கும் காகிதத்தின் கீழ்ப்பகுதியை மட்டுமே பார்ப்பவர்.

நான் அந்த ஒரு வரியை எழுதவில்லை. காலியாக இருந்த அந்த இடத்தைப் பார்த்ததும் எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. பூர்த்தி செய்யப்படாத சீட்டு, விதி சொல்லும் 'அதற்குரிய சீட்டு' ஆகுமா? ஆகாது என்றால் அதை யார் பூர்த்தி செய்வது? முகாம் கலைக்கப்பட்டுவிட்டது, வைத்தியர் மாற்றலாகிப் போய்விட்டார் என்ற நிலையில் வேறு சான்றை ஏற்கலாமா? இந்த மூன்று கேள்விகளையும் ஆறு பத்திகளில், இங்கிலீஷில், சென்னை மேலதிகாரிக்கு எழுதினேன். சீட்டையும் கூடவே இணைத்தேன். நான் எழுதியவற்றிலேயே அழகான கடிதம் அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். துரை படித்துவிட்டு, இதற்கு இவ்வளவு வேண்டுமா என்றார். "தணிக்கையில் கேட்பார்கள்" என்றேன். அந்தச் சொல்லைக் கேட்டால் எந்தத் துரையும் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

கேட்காமல் செய்திருந்தால் யாரும் என்னைக் கேட்டிருக்கப்போவதில்லை. கேட்டுவிட்டால், பதில் வரும் வரை எதையும் செய்யக் கூடாது. இது எந்தப் புத்தகத்திலும் இல்லாத விதி. ஆனால் எல்லா அலுவலகத்திலும் இதைத்தான் முதலில் கடைப்பிடிக்கிறார்கள். மற்றவர்கள் ஆகஸ்டு மாதம் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனார்கள். ஆம்பூர்க்காரர் தொட்டிக்குத் திரும்பினார்.

ஆம்பூரில் தோல் ஷாப்புகளுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. எங்களுக்கோ அது வேலை நாள். ஆகவே வெள்ளிக்கிழமைதோறும் வர ஆரம்பித்தார். காலை ரயிலில் காட்பாடியில் இறங்கி, ஆற்று மணலில் நடந்து, மூன்றரை மணி வாக்கில் என் அறை ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்பார். வழியில் ஏதாவது வேலை இருந்தால் முடித்துக்கொண்டு வருவார் போலிருக்கிறது. உள்ளே வரச் சொல்லி நான் கூப்பிட்டதில்லை. வர வேண்டும் என்று அவரும் எதிர்பார்க்கவில்லை.

"இன்னா ஐயா, சர்ட்டிபிகேட்டு ரெடியா?" என்றார் முதல் வெள்ளிக்கிழமை.

"ஒரு சின்ன சந்தேகம். மெட்ராஸுக்கு எழுதியிருக்கு."

"யாருக்கு ஐயா சந்தேகம்?"

எனக்கு என்று சொல்லியிருக்க வேண்டும். "சீட்டுல நீ வெளியில வந்த தேதியைப் போடலே. காகிதப்படி பார்த்தா நீ இன்னும் ஜோலார்பேட்டை முகாம்லதான் இருக்கே" என்றேன்.

"அப்போ தினம் எங்க வூட்டுல வந்து படுத்துனு இருக்கிறது எவன்? இதை எம் பொண்டாட்டிகிட்ட சொல்லியே ஆவணும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அறையில் யாரும் சிரித்துப் பல நாள் ஆகியிருந்ததால், சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தார். அதற்கடுத்த வெள்ளியும். "பதில் வந்துச்சா ஐயா?" என்பார். "இல்லை" என்பேன். அத்தோடு வேலை முடிந்தது. ஆனால் அவர் உடனே போகமாட்டார். ரயிலுக்கு நேரம் இருக்கும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆம்பூர்ச் செய்திகளைச் சொல்வார். முதலாளி ஹஜ்ஜுக்குப் புறப்பட்டபோது ஊரே ஸ்டேஷனுக்கு வந்ததையும், போட்ட மாலைகளின் கனத்தில் முதலாளிக்கு மூச்சு முட்டியதையும் நடித்தே காட்டினார். "ரயில் ஏறும்போதும் என்னைப் பாத்துட்டாரு ஐயா. 'நான் தை மாசக் கடைசிக்குள்ள வந்துடுவேன். வந்ததும் கொட்டாயத் தொறக்கறேன். காயிதத்தோட நில்லு'ன்னாரு. ஹஜ்ஜுக்குப் போறவரு அல்லாவை நெனைக்கிற நேரத்துல என் காயிதத்தை நெனைச்சிருக்கிறாரு. மெட்ராஸ் துரைக்கு மட்டும் நெனப்பு வரமாட்டேங்குது."

"அவருக்கு ஆயிரம் காகிதம்."

"நீங்க தமிழ்ல எழுதிட்டீங்களோ இன்னாவோ?"

"இங்கிலீஷ்லதான் எழுதினேன். நல்ல இங்கிலீஷ்."

"அதான் ஐயா. ஜாஸ்தி நல்லா எழுதினா அவருக்குப் புரியாது. கம்மியா எழுதியிருக்கணும்."

நான் வாழ்நாளில் கேட்ட ஒரே சரியான அலுவலக விமர்சனம் அதுதான்.

மணலில் நடந்து வந்த களைப்பைப் பார்த்து, ஒரு வெள்ளிக்கிழமை மோர் கொடுத்தேன். இரண்டு கையையும் குவித்து ஜன்னலுக்குக் கீழே நீட்டினார். நான் மேலேயிருந்து ஊற்றினேன். பாதி கையில், பாதி சட்டையில். மறு வாரம் வரும்போது இடுப்பில் ஒரு தகரக் குவளையைக் கட்டிக்கொண்டு வந்தார். "எதுக்கு ஐயா உங்களுக்குப் பேஜாரு? என் கொவளைய நானே கொண்டாந்துட்டேன்" என்று கம்பிக்கு வெளியே பிடித்தார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் ஊற்றினேன். என் வீட்டு அலமாரியில் ஆறு டம்ளர்கள் இருந்தன, ஒருவர்தான் குடித்துக்கொண்டிருந்தார். அதிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டுவது எந்த விதிக்கும் விரோதமில்லை. ஆனாலும் நீட்டவில்லை.

ஐப்பசியில் பெருமழை பிடித்தது. பாலாற்றில் கரைக்குக் கரை தண்ணீர். அந்த வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கே என் மேசையில் காகிதங்களை ஒதுக்கி வைத்துவிட்டேன். மோர் கடைந்து வைத்திருந்தேன். ஆற்றைக் கடக்க முடியாது என்று எனக்குத் தெரியும். தாழ்வாரத்தில் நின்று பழுப்பு நிறத்தில் ஓடும் தண்ணீரை நானே பார்த்தேன். இருந்தாலும் மூன்றரைக்கு ஜன்னலுக்குப் போனேன், நாலு மணிக்கும் போனேன், பியூன் கதவைப் பூட்ட வந்தபோதும் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். யாரையாவது எதிர்பார்க்கிறீர்களா என்று கேட்டான். இல்லை என்றேன். மாலையில் மோரைக் கொட்டினேன். அந்த வாரம் எட்டு நாளாக நீண்டுவிட்டதுபோல் இருந்தது.

மறு வெள்ளி வந்து நின்றார். "போன வாரம் தண்ணி ஜாஸ்தி ஐயா. ஸ்டேசன்ல வந்து பாத்துட்டு அப்படியே திரும்பிட்டேன்."

"வராததால ஒண்ணும் கெட்டுப்போகலே" என்றேன்.

இதற்குள் இரண்டு நினைவூட்டுக் கடிதங்கள் அனுப்பியிருந்தேன். விதிப்படி எத்தனை நாள் இடைவெளி வேண்டுமோ அத்தனை நாள் விட்டு, ஒரு நாளும் முந்தாமல். நினைவூட்டுக் கடிதங்களை யார் வாங்கி எந்த அடுக்கில் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். சென்னையில் சில மாதம் நானே அப்படி அடுக்கியிருக்கிறேன். பதில் வரவழைக்க வேண்டுமானால் வழி வேறு. துரை தம் சொந்தப் பெயரில், மேலதிகாரியின் சொந்தப் பெயருக்கு எழுதும் அந்தரங்கக் கடிதம் ஒன்று போக வேண்டும். அதை டி.ஓ. என்போம். அது போனால் பெரும்பாலும் ஒரு மாதத்தில் பதில் வந்துவிடும். துரையைத் தவிர வேறு யாரும் அதில் கையெழுத்துப் போட முடியாது.

டிசம்பர் மாதம் இரண்டாம் வாரத்தில், ஒரு வியாழக்கிழமை, அந்த டி.ஓ.வை எழுதி முடித்தேன். நாலே வரி. மறுநாள் வெள்ளிக்கிழமை காலை துரையிடம் வைத்துக் கையெழுத்து வாங்க வேண்டியதுதான். மேசை இழுப்பறையில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை அவர் வந்தார். மனைவி ஏசியதைச் சொன்னார். "'காயிதம் வாங்கப் போறேன்னு போய்ட்டு வெயில வாங்கினு வர்றே'ங்கறா ஐயா. நான் சொன்னேன், 'அடியே, நீ ஒரு நாள் வந்து அந்த ஐயாவைப் பாரு. எனக்காவது நீ இருக்கிறே திட்டறதுக்கு. அவருக்கு அதுகூட இல்ல.'" சொன்ன பிறகு தவறாகச் சொல்லிவிட்டோமோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் மோரை ஊற்றினேன். அவர் பேச்சை மாற்றி, நீலத் தோலைப் பார்த்த ஆம்பூர்க் காக்கைகள் என்ன செய்தன என்று ஒரு கதை சொன்னார். ரயிலுக்கு நேரமாகும் வரை இருந்தார்.

அவர் போன பிறகு இழுப்பறையைத் திறந்தேன். துரை தம் அறையில்தான் இருந்தார். பத்து அடி தூரம். இந்தக் காகிதம் போனால் ஜனவரியில் பதில் வரும்; பதில் வந்தால் அவர் ஒரு தடவை வந்து சான்றிதழை வாங்கிக்கொண்டு போவார்; அதன் பிறகு வெள்ளிக்கிழமை என்பது வியாழனுக்கும் சனிக்கும் நடுவில் இருக்கும் ஒரு நாள் மட்டும்தான். இதை நான் இவ்வளவு தெளிவாக அன்று நினைத்தேன் என்று சொல்ல முடியாது. நினைக்கவில்லை என்றும் சொல்ல மாட்டேன். 'இரண்டாவது பத்தியில் ஒரு சொல் சரியில்லை, திங்கட்கிழமை மாற்றி எழுதலாம்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். நாலு வரிக் கடிதத்தில் இரண்டாவது பத்தியே கிடையாது. இழுப்பறையை மூடினேன்.

துரை சனிக்கிழமை காலை கிறிஸ்துமஸ் விடுப்பில் பெங்களூருக்குப் புறப்பட்டுவிட்டார். விடுப்பு விண்ணப்பம் என் வழியாகத்தான் போயிருந்தது. தேதி எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரு மாதம் கழித்து, ஜனவரி நடுவில் அவர் திரும்பிய அன்றே டி.ஓ.வில் கையெழுத்து வாங்கி அனுப்பினேன். அன்றைய தபாலில் போக வேண்டும் என்பதற்காக நானே தபால் ஆபீசுக்கு ஓடினேன்.

அந்த ஒரு மாதத்தில் நாலு வெள்ளிக்கிழமைகள். நாலு தடவையும் அவர் வந்தார். நாலு தடவையும், "எழுத வேண்டியதெல்லாம் எழுதியாச்சு" என்றேன்.

முதலாளி தை பிறந்த இரண்டாம் நாளே ஊர் வந்து சேர்ந்தார். குரோம் கொட்டகையைத் திறக்க நாள் குறித்தார். கம்பெனிக்காரர் சென்னையிலிருந்து, கையில் சான்றிதழ் உள்ள ஒரு ஆளையும் கூடவே கூட்டிக்கொண்டு வந்திருந்தார். முதலாளி இவரைக் கூப்பிட்டு, "காயிதம் எங்கே?" என்று கேட்டிருக்கிறார். வந்துகொண்டிருக்கிறது என்று இவர் சொல்லியிருக்கிறார். ஒரு வாரம் பொறுத்தும் பார்த்திருக்கிறார் அந்த மனிதர். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பிறகு சென்னை ஆளே மேஸ்திரியானார்.

இதையெல்லாம் ஆம்பூர்க்காரர் ஜனவரியின் கடைசி வெள்ளிக்கிழமை ஜன்னலுக்கு வெளியே நின்று சொன்னார். அன்று நடித்துக் காட்டவில்லை. மோர் வேண்டாம் என்றார்.

"கோலாருக்குப் போறேன் ஐயா. அண்ணன் பாத்த வேலைக்கு ஆள் எடுக்கிறாங்க. தரைக்கு அடியில போனா சுண்ணாம்பு இருக்காதில்ல?"

"பதில் வந்துடும். இந்தத் தடவை கண்டிப்பா வந்துடும். இன்னும் கொஞ்ச நாள் பொறு" என்றேன்.

"வந்தா இன்னா பண்ணுவீங்க?"

"கோப்புல சேர்த்து, சர்ட்டிபிகேட் எழுதி..."

"பதிலுக்காவது ஒரு எடம் இருக்குதே" என்றார். உடனே, கடுமையாகச் சொல்லிவிட்டோம் என்று தோன்றியதோ என்னவோ, "நீங்க இன்னா பண்ணுவீங்க ஐயா. உங்களால ஆனத எழுதினீங்க. இந்த ஆறு மாசமா நான் வந்து நின்னா ஒரு நாளும் மூஞ்சி சுளிக்கல" என்றார்.

அப்போது சொல்லியிருக்கலாம். டி.ஓ.வைப் பற்றி, இழுப்பறையைப் பற்றி. என்ன சொன்னால் எப்படி எடுத்துக்கொள்வார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். ஆற்று மணலில் கொஞ்ச தூரம் வரை தெரிந்தார்.

எங்கள் கோப்புகளில் பதில் எப்போதும் கடைசிப் பக்கத்தில் வரும். ஆகவே சான்றிதழ் என்ன ஆயிற்று என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பதில் வந்த அன்றே நானே என் கையால் அதை எழுதினேன். எழுத்து நன்றாக வந்தது. துரை கையெழுத்துப் போட்டார். பதிவுத் தபாலில் ஆம்பூர் விலாசத்துக்கு அனுப்பினேன். 'இவ்விலாசத்தில் இல்லை' என்று திரும்பி வந்தது. கோலார்ச் சுரங்க அலுவலகத்துக்கு அனுப்பினேன். எந்தச் சுரங்கம் என்று கேட்டு அதுவும் திரும்பி வந்தது. எனக்குத் தெரியாது. கேட்டு வைத்துக்கொள்ளவில்லை, வெள்ளிக்கிழமைகளில் அத்தனை பேசினோம், அவருடைய மனைவியின் பெயர்கூட எனக்குத் தெரியாது. சான்றிதழை இரும்புப் பெட்டியில் வைத்தேன். ஓய்வுபெற்ற நாளில் எனக்குப் பின்னால் வந்தவரிடம் பொறுப்பை ஒப்படைக்கும் பட்டியலில், மைக்கூடுகளுக்கும் சாவிக்கொத்துக்கும் நடுவே, 'உரியவரால் பெறப்படாத சான்றிதழ், ஒன்று' என்று எழுதினேன். அவர் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். ஏன் பெறப்படவில்லை என்று கேட்கவில்லை. அந்தப் படிவத்தில் அதற்கு இடம் இல்லை.

அவர் போன பிறகு மூன்று வெள்ளிக்கிழமைகள் வந்தன. முதல் வாரம் பழக்கத்தில் மோர் கடைந்தேன். இரண்டாவது வாரம் கடையவில்லை. மூன்றாவது வாரம் நான் மேசையில் குனிந்து வேலையாக இருந்தபோது தபால்காரர் வந்து நீளமான பழுப்பு உறை ஒன்றை வைத்துவிட்டுப் போனார். என்னுடைய ஆறு பத்திகளுக்கும் சேர்த்து ஒரே வாக்கியத்தில் பதில். விதியே போதுமானதாக இருக்கையில் இதை மேலிடத்துக்கு எழுதியதன் அவசியம் விளங்கவில்லை. சான்றிதழை உடனே வழங்கவும். இரண்டு தடவை படித்தேன். உள்வரவுப் பதிவேட்டை எடுத்து, வரிசை எண் போட்டு, யாரிடமிருந்து, பொருள் என்ன என்ற கட்டங்களைப் பூர்த்தி செய்து, கடைசிக் கட்டத்தில் பதில் வந்து சேர்ந்த நாளை எழுதினேன்: பிப்ரவரி 21, வெள்ளிக்கிழமை.